‘அதாவது’வும் ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளும்

உலகத்தின் எந்த மூலையில் எந்த கம்ப்யூட்டர் சர்வர் ஓடினாலும் சரி, அதை ஓட்டுகிறவருக்கு ஒரு சந்தேகம் வந்து கையேட்டைப் புரட்டினால், திருவண்ணாமலையில் தாலுகா ஆபீஸ் எதிர்ச்சந்தில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கும் ஒருவருடைய வாக்கியத்தைத்தான் படித்தாக வேண்டும். இதை நம்பாமல் இருக்க என்னால் ஆன முயற்சி எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். முடியவில்லை. வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆதார் அட்டையில் இருக்கிறது. ஊரில் யாருக்கும் அது தெரியாது. ஊருக்கு அவர் ‘அதாவது’. ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகும் வழியில் அவர் அந்த வார்த்தையில் இறங்கி ஏறாமல் போனதே இல்லை. ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, இதுதான் கடை. ரேஷன் கார்டு, பட்டா, வாரிசு சான்றிதழ், எந்த ஃபாரமாக இருந்தாலும் நிரப்பித் தருவார். ஆனால் கேள்வி கேட்காமல் தரமாட்டார்.

நான் மென்பொருள் கம்பெனி ஒன்றில் டெக்னிக்கல் ரைட்டர். அதாவது (பாருங்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது) கம்பெனி செய்யும் சாமானை எப்படி உபயோகிப்பது என்று கையேடு எழுதுகிற உத்தியோகம். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று கம்பெனி பெருந்தன்மையாக இருந்த காலத்தில், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தோம். கேஸ் இணைப்புக்கு முகவரி மாற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் அவரிடம் அனுப்பினார்.

ஃபாரத்தில் ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

“வாடகை வீடுங்களா சார்?”

“ஆமாங்க.”

“அப்ப நிரந்தரம்னு எப்பிடி எழுதறது? அதாவது, நிரந்தரமாவே நிரந்தரமா, இல்ல இப்போதைக்கு நிரந்தரமா?”

பக்கத்தில் ஏதோ மனுவோடு நின்றிருந்த ஒரு சாமியார் இதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுத்தான் ஃபாரம் போயிற்று.

இந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்தால் ஒருமுறை பெரிய வம்பே வந்தது. விசாவை நீட்டிக்க வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம், “வந்த நோக்கம்னு போட்டிருக்காங்க. அதாவது, வந்தப்ப இருந்த நோக்கமா, இப்ப இருக்கற நோக்கமா?” என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் அங்கேயே தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். மறுநாள் ஒரு தட்டு நிறைய சாமந்திப் பூவோடு வந்து ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நான்காம் நாள் இவரே ஃபாரத்தில் ‘சுற்றுலா’ என்று எழுதி, கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

ஊரில் எந்த போர்டையும் சும்மா விடமாட்டார். ஒரு லாட்ஜில் ‘24 மணி நேரமும் வெந்நீர், காலை 6 முதல் 8 வரை’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே சாக்பீஸால் ‘அதாவது, இரண்டு மணி நேரம்’ என்று எழுதிவிட்டு வந்தார். லாட்ஜ்காரர் சண்டைக்கு வந்தார். இவர் அவரை உட்கார வைத்து, போர்டை எப்படித் திருத்துவது என்று அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே, ‘குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு செல்லவும்’ என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த போலீஸ்காரரிடம் போய், “அவங்கவங்க குழந்தையைன்னு சேத்துக்கங்க சார்” என்றார். போலீஸ்காரர் மைக்கை மூடிக்கொண்டு என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. ஆனால் அடுத்த தடவை சேர்த்துத்தான் சொன்னார்.

அவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், “மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் எதுவும் உண்டா?” என்று கேட்டார்கள். “கெட்ட பழக்கம்னா, அதாவது, எதெதெல்லாம் உங்க கணக்குல வருது?” என்று திருப்பிக் கேட்டார். சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்தது. “இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடா?” என்று வீட்டுக்கு வந்த பிறகு அவருடைய அம்மா கேட்டாராம். “கேள்வி தெளிவா இல்லியேம்மா” என்றாராம் இவர்.

இவரெல்லாம் எனக்குப் போட்டியாக வருவார் என்று யார் நினைத்தார்கள்?

இங்கே என் ஆசையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒவ்வொரு வேலையையும் பிராசஸ் என்பார்கள். ஒரு பிராசஸ் இன்னொரு பிராசஸைப் பெற்றெடுக்கும். பெற்றதைப் பெற்றோர் என்றும் பிறந்ததைப் பிள்ளை என்றும்தான் தொழிலிலேயே சொல்வார்கள், நான் கட்டிவிட்டதல்ல. இந்தக் கூட்டத்தைக் குழுக்களாகப் பிரித்து, இந்தக் குழுவுக்கு இவ்வளவு மெமரி, அந்தக் குழுவுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்ளே உட்கார்ந்திருக்கும் கெர்னல். அந்தக் குழுக்களை எப்படி நிர்வகிப்பது என்று விளக்கும் கையேடு ஒன்று உண்டு. அதை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் எழுதி மெயிலில் அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால் அனுப்பியவர் பெயர் கெர்னலின் சரித்திரத்தில் ஏறிவிடும். ஏறினால் இறங்காது.

அந்தச் சரித்திரத்தில் என் பெயர் வர வேண்டும். பதினாறு வருஷமாக நான் எழுதிய கையேடுகளில் ஒன்றில்கூட என் பெயர் கிடையாது, கம்பெனியின் பெயர்தான். போகட்டும், இதிலாவது வரட்டும் என்று மூன்று மாதம் உழைத்து ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். கையேட்டைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரே வரியில் பதில் போட்டார்: ‘இது எதைத் தெளிவாக்குகிறது என்று எனக்குப் புரியவில்லை.’ நான் படுத்துவிட்டேன். “ஏங்க, உங்க பேரு வந்துச்சா?” என்று மனைவி கேட்கும் போதெல்லாம், பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லிவந்தேன்.

பேப்பரில் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். அதனால் ஒருநாள் அந்தக் கையேட்டை அவர் கடையில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. பக்கம் பக்கமாக மிஷினிலிருந்து வெளியே வர வர, எடுத்து அடுக்க வேண்டியவர் பேனாவும் கையுமாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் பேனா நின்றது.

“சார், ஒரு பிராசஸை ஒரு குழுவுலேருந்து இன்னொரு குழுவுக்கு மாத்தறாங்க. ‘இந்த மாற்றம் ஏற்கெனவே உள்ள வாரிசுகளைப் பாதிக்காது’ன்னு போட்டிருக்கு. பாதிக்காதுன்னா?”

“ஒண்ணும் ஆகாது, பத்திரமா கூடவே போயிடும்னு அர்த்தம்” என்றேன், தொழில் தெரிந்தவன் தோரணையில். எங்கள் கம்பெனிக் கையேட்டில் நான் அப்படித்தான் எழுதியும் இருந்தேன்.

அங்கே கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த, மணிலாக்கொட்டை போடும் விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தனிக்குடித்தனம் போனவர், ரேஷன் கார்டு மாற்ற வந்திருந்தார். “அதெப்பிடி சாமி தானா போவும்? நான் புது கார்டுக்கு மாறினேன். எம்பசங்க ரெண்டு பேரும் இன்னும் எங்கப்பா கார்டுலதான் கெடக்கறாங்க. அவங்களைப் பேர் நீக்கி சேக்கறதுக்குத்தான் இப்ப வந்து குந்தியிருக்கேன்” என்றார்.

‘அதாவது’வின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“கேட்டீங்களா சார்? பழைய பசங்க பழைய கார்டுலயே இருப்பாங்க. இனிமே பொறக்கற பையன் புது கார்டுல பொறப்பான். அதாவது, பாதிக்காதுன்னா, கூட வரமாட்டாங்கன்னு அர்த்தம்.”

நான் வீட்டுக்கு ஓடிப்போய் லேப்டாப்பில் சோதித்துப் பார்த்தேன். விவசாயி சொன்னதுதான் சரி. பெற்றோரை இடம் மாற்றினால் ஏற்கெனவே பிறந்த பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். நான் சொன்னபடி செய்துவிட்டு, எல்லோரும் போய்விட்டார்கள் என்று நம்பிப் பழைய குழுவை மூடினால், பிள்ளைகள் மொத்தமும் காலி. அன்று சாயங்காலமே கம்பெனிக் கையேட்டில் சத்தமில்லாமல் அந்த வரியை மாற்றினேன். இரண்டு நாள் அவர் கடைப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் போனபோது, கெர்னலுக்குத் திருத்தம் அனுப்புவது எப்படி என்ற விதிமுறைகளை அவர் பிரிண்ட் எடுத்து அடிக்கோடு போட்டு வைத்திருந்தார்.

“இவங்கல்லாம் நம்ம ஆளுங்க சார். பொருள் எழுதணும். நகல் யாராருக்குன்னு எழுதணும். கீழ, மேற்கண்டதை நான்தான் எழுதினேன், எனக்கு உரிமை இருக்குன்னு உறுதிமொழி குடுத்துப் பேரு போடணும். தாலுகா ஆபீசுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்?”

அவருடைய இங்கிலீஷ் முழுக்க விண்ணப்ப இங்கிலீஷ். ‘மதிப்பிற்குரிய ஐயா, அம்மா’ என்று தொடங்கி, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று முடித்து, நடுவே ஒரு ‘அதாவது’ போட்டு முதல் திருத்தத்தை அனுப்பினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போய் முகத்தில் அடிபட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். அடிபட்டுத்தான் வந்தது. வரி நீளம் சரியில்லை, பொருள் எழுதிய முறை சரியில்லை என்று ஐந்து குறை சொல்லித் திருப்பியிருந்தார்கள்.

“பாத்தீங்களா சார்? அஞ்சே குறை” என்றார் சந்தோஷமாக. “படிச்சிருக்காங்க.”

அங்கேதான் நான் தோற்றேன். ஒரே வரிப் பதிலுக்கு நான் படுத்துவிட்டேன். இவரோ திரும்பி வந்த மனுக்களோடுதான் தினமும் குடித்தனம் நடத்துகிறார். குறை குறிப்பிட்டுத் திரும்பி வந்தால் அவருக்கு அது பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டாவது திருத்தம் போயிற்று, வந்தது. மூன்றாவது போயிற்று, வந்தது. இடையில் கையேட்டின் வேறு பக்கத்தில் ஒரு கமாவை நகர்த்தச் சொல்லி வேடிக்கையாக ஒன்று அனுப்பினார். அதை ஏற்றுக்கொண்டே விட்டார்கள். கமாவுக்காக ஒருவர் இவ்வளவு பணிவாக மன்னிப்புக் கேட்டு இதுவரை தான் பார்த்ததில்லை என்று அதே மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். எனக்கு ஒரு வரி எழுதிய மனிதர் இவருக்கு நான்கு வரி எழுதியிருந்தார். எண்ணிப் பார்த்தேன்.

“ஏங்க, அவரு பேரு வந்துடுச்சாமே?” என்றாள் மனைவி. காய்கறிக் கடையில் கேள்விப்பட்டாளாம்.

“கமா” என்றேன். “வெறும் கமா.”

“கமாவா இருந்தா இன்னா? வந்துச்சில்ல?”

அன்று ராச்சாப்பாட்டில் எனக்கு உப்பு ஜாஸ்தியாகத் தெரிந்தது. மனைவிக்கும் பிள்ளைக்கும் சரியாகத்தான் இருந்ததாம்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தராது. ஆறாவது திருத்தத்தை அனுப்புவதற்கு முன்னால் அதை என்னிடம் நீட்டினார். “நீங்க ஒரு தடவை பாத்துடுங்க சார். உங்க தொழில் இது.” டீ வாங்கிக் கொடுத்து எதிரே உட்கார்ந்தார். படித்தேன். அருமையாக இருந்தது. அந்த வாக்கியத்தை நான் எழுதியிருக்க வேண்டும் என்று வயிறு எரிந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது. ‘ஏற்கெனவே பிறந்த பிள்ளைகள் கூடப் போவதில்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், தட்டச்சு செய்யும்போது, இங்கிலீஷில் ‘இல்லை’ என்று காட்டும் ‘நாட்’ விட்டுப்போயிருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அது இல்லாததால் பிள்ளைகள் எல்லாரும் கிளம்பிப் பெற்றோரோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை.

“நல்லா இருக்குங்க. அனுப்புங்க” என்றேன்.

வீட்டுக்கு நடந்துபோகும்போது என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். எப்படியும் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது, ஒரு தடவை இவருக்கும் அவமானம் என்றால் என்னவென்று தெரியட்டும். பதினாறு வருஷம் பிறர் எழுதியதில் பிழை பார்த்தே சோறு தின்றவன், முதல் தடவையாக ஒரு பிழையை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன்.

கண்டுபிடித்தார்கள். ‘தங்கள் திருத்தத்தின்படி பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். கெர்னலில் அப்படி நடப்பதில்லை’ என்று மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். சுருங்கிப்போன முகத்தைப் பார்க்கலாம் என்று கடைக்குப் போனேன். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவராகவே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“ஒரு விஷயம் புரிஞ்சுது சார். அந்த நாட் இல்லாததை நான் மூணு தடவை படிச்சும் பாக்கல. நீங்களும் படிச்சீங்க. அப்ப, அந்த வாக்கியம் ஒரே ஒரு ‘நாட்’டுல தொங்கிக்கினு இருக்குது. அது விழுந்தா மொத்தமும் விழுந்துடும். அந்த மாதிரி வாக்கியத்தை வச்சிக்கக் கூடாது.”

ஏழாவது திருத்தத்தில் ‘நாட்’ என்ற வார்த்தையே கிடையாது. ‘ஏற்கெனவே பிறந்த பிள்ளைகள் இருந்த குழுவிலேயே இருப்பார்கள், அதாவது, இனிமேல் பிறப்பவர்கள்தான் புதுக் குழுவில் பிறப்பார்கள்.’ அவ்வளவுதான். விவசாயிக்குப் படித்துக் காட்டினால் தலையாட்டுவார். பதினாறு வருஷ சர்வீஸில் அப்படி ஒரு வாக்கியம் நான் எழுதியதில்லை. ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று அவர் போனில் கூப்பிட்டு, “சார், லிங்க் அனுப்பியிருக்கேன், பாருங்க” என்றார். பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக ஒரு மணி நேரம் இருந்தேன். பிறகு பார்த்தேன். கீழே அவர் பெயர் இருந்தது, ஆதாரில் உள்ள முழுப்பெயர், அப்பாவின் இனிஷியலோடு. அதற்கு மேலே இன்னொரு வரி. ‘குறையைக் கண்டறிந்தவர்’ என்று போட்டு, என் பெயர்.

பதினாறு வருஷ ஆசை. கெர்னலின் சரித்திரத்தில் என் பெயர் ஏறிவிட்டது. இனி இறங்காது. நான் செய்த ஒரே அயோக்கியத்தனத்துக்காக ஏறியிருக்கிறது.

மனைவியிடம் சொல்லவில்லை. நேராகக் கடைக்குப் போனேன். யாரோ ஒருவருடைய வாரிசு சான்றிதழ் விண்ணப்பத்தைப் பின் போட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த நாட் இல்லாதது அன்னிக்கே எனக்குத் தெரியுங்க” என்றேன். “தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன்.”

அவர் நிமிரவில்லை. “தெரியும் சார்.”

“எப்போ?”

“திரும்பி வந்தப்புறம் யோசிச்சேன். அந்த வரியில நின்னீங்க. டீயில ஆடை கட்டற வரைக்கும் நின்னீங்க. வேற எந்த வரியிலயும் நீங்க நிக்கல.”

“அப்புறம் ஏன் என் பேரைப் போட்டீங்க?”

“குறையைக் கண்டுபிடிச்சவங்க பேரைப் போடணும்னு விதி. நீங்கதானே மொதல்ல கண்டுபிடிச்சீங்க?” பின்னை அழுத்தி மூடினார். “அதாவது, அவங்க அதை வெளிய சொல்லியிருக்கணும்னு விதியில இல்ல.”

ஒருவர் மேல் பொறாமைப்படுவது கஷ்டம். அவர் நல்லவராகவும் இருந்து தொலைத்தால் ரொம்பக் கஷ்டம். எனக்குத் திட்டு வாங்க வேண்டும் போல இருந்தது. அவர் டீ சொன்னார்.

போன தையில் கம்பெனி எங்களை ஆபீசுக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டது. சென்னைக்கு வீடு மாற்ற வேண்டும், மறுபடி முகவரி மாற்ற ஃபாரம். எல்லாக் கட்டத்தையும் கேள்வி கேட்காமல் மளமளவென்று நிரப்பினார். அதுவே எனக்கு என்னவோ போல இருந்தது. ‘நிரந்தர முகவரி’ வந்ததும் பேனா நின்றது. சென்னை முகவரியைச் சொன்னேன். எழுதவில்லை.

“இது காலியாவே இருக்கட்டும் சார்.”

“ஏங்க?”

“அதாவது…” என்றார்.

காத்திருந்தேன். அந்த வார்த்தைக்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வராமல் போனது அதுதான் முதல் தடவை. எழுந்து போய், ஓடாத ஜெராக்ஸ் மிஷினைத் திறந்து பேப்பர் சிக்கியிருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் வசதிக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு லிஃப்ட் இருக்கிறது, ஆபீசில் என்னைவிடப் பெரிய சம்பளக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொறாமைப்படத்தான் ஆள் இல்லை.